சிறிய மட்டையின் கண்டிப்பு

நேயர்களுக்கு வணக்கம். டென்னிஸ் கற்கும் இளைஞர்கள் சிறிய தலை (நரம்பு கட்டிய பகுதி) கொண்ட மட்டையையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்று கடைகளில் கிடைக்கும் மட்டைகளின் தலைப்பரப்பு பெரும்பாலும் 95 முதல் 105 சதுர அங்குலம் வரை இருக்கிறது. மரமட்டைக் காலத்தில் 65-ஐ ஒட்டித்தான் இருந்தது. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது அந்தக் காலத்தில்தான்.

அந்த மரமட்டையில் பந்து நடுவைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டால் போதும், பிடி உள்ளங்கைக்குள் திருகிக்கொள்ளும். பந்து வலையில் போய் விழும். இந்தத் திருகலைக் குறைக்கத்தான் ஹோவர்ட் ஹெட் என்ற பொறியாளர் தலையை அகலமாக்கினார். சட்டத்தின் எடை நடுக்கோட்டிலிருந்து விலக விலக, மட்டை எளிதில் திருகிக்கொள்ளாது. பிரின்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அந்தப் பெரிய மட்டையோடு 1978-ல் 16 வயது பாம் ஷ்ரைவர் அமெரிக்க ஓபன் இறுதிப்போட்டிவரை வந்துவிட்டார்.

ஆனாலும் பீட் சாம்ப்ராஸ் 14 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றது 85 சதுர அங்குல வில்சன் மட்டையில்! ஈயப் பட்டை ஒட்டி அதன் எடையை இன்னும் கூட்டிக்கொள்வார். அந்தக் கனம்தான் அவருடைய வாலிக்கு (பந்து தரையில் படுமுன்பே அடிக்கும் அடி) உறுதி தந்தது என்று நான் நினைக்கிறேன்.

ரோஜர் ஃபெடரர் பல ஆண்டுகள் 90-ல் ஆடினார். எதிராளி ரஃபேல் நடாலின் சுழல்பந்து தோளுயரத்துக்கு எழும்பி வரும்போது, ஃபெடரர் ஒற்றைக்கை பேக்ஹேண்டில் (புறங்கை வீச்சில்) அடிக்கும் பந்து எத்தனையோ முறை மட்டையின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. 2014-ல் 97-க்கு மாறினார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் அதே பேக்ஹேண்டை ஓங்கி அடித்தே நடாலை வென்றார். எனவே போட்டிக்குப் பெரிய மட்டையே சரி; அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பயிற்சிக்குச் சிறியது வேண்டும் என்கிறேன். கால் தாமதமாக வந்தாலோ, பந்து நரம்பில் படுமுன் கண் எதிராளியிடம் தாவினாலோ, அந்த நொடியே அது காட்டிக்கொடுத்துவிடும். பெரிய மட்டை அந்தத் தவறை மூடி மறைத்துவிடுகிறது, ஆடுபவருக்கே தெரிவதில்லை.

பழைய 85 சதுர அங்குல மட்டை ஒன்று கிடைத்தால் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நரம்பைப் புதிதாக, சற்றுத் தளர்வாகவே கட்டச் சொல்லுங்கள். வலையை ஒட்டிய சர்வீஸ் கட்டத்துக்குள் நின்று மெதுவாக ஆடத் தொடங்குங்கள். முழங்கை வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.