சேனலை மாற்ற வேண்டாம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஆட்டமும் பாட்டுமான ஜாலிப் படங்களை ரசிப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்தான் என்று எதிரணி நண்பர் பேசி அமர்ந்திருக்கிறார். கதையில் கனமில்லை, நாட்டுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நேரம்தான் வீண் என்றார். நடுவே, "நானும் பார்ப்பேன், வெளியே சொல்ல மாட்டேன்" என்றும் சொன்னார். அந்த "வெளியே சொல்ல மாட்டேன்" என்பதற்குத்தான் நான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'. இயக்கியவர் ஸ்ரீதர். அதற்கு முன் 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று ஊரையே அழவைத்துப் பெயர் வாங்கியவர். அழவைத்தால் படம் ஓடும் என்று நன்றாகத் தெரிந்த அந்த மனிதர், எழுத்தாளர் சித்ராலயா கோபுவோடு உட்கார்ந்து முழுநீளச் சிரிப்புப் படம் எழுதினார். கறுப்பு வெள்ளையே வழக்கமாக இருந்த காலத்தில் அதை ஈஸ்ட்மென் கலரில் எடுத்தார். சிரிப்பை மட்டமாக நினைக்கிறவர் செய்கிற வேலையா இது?

கனமில்லை என்கிறார்களே, அதில் வேலை போன இளைஞன் ஒருவன் வருகிறான். முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, அவர் பெயரைச் சொல்லியே வேலையைத் திருப்பிக் கேட்டுப் பாடுகிறான். பிழைப்புப் பிரச்சினைதான். ஆனால் விஸ்வநாதன் – ராமமூர்த்தி மெட்டில் நம் கால் தானாகத் தாளம் போடுகிறது.

அப்புறம் அந்தப் பேய்க்கதை. மகன் நாகேஷ், தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை அப்பா பாலையாவிடம் சொல்கிறார். பேயைக் காட்டவே இல்லை. நாகேஷின் குரலும் கையும்தான் பேய். ஒவ்வொரு சத்தத்துக்கும் பாலையாவின் முகத்தைப் பாருங்கள். எஸ்டேட் முதலாளி என்ற தோரணையெல்லாம் போய், பாட்டியிடம் கதை கேட்டு மிரளும் பையனாக ஒடுங்கிவிடுகிறார். இரண்டு நடிகர்கள், ஒரு கதை, அவ்வளவுதான். அறுபது வருஷமாகச் சிரிக்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்கிறார். நகை என்ற சிரிப்பில் தொடங்கி உவகை என்ற மகிழ்ச்சியில் முடிக்கிறார். அழுகை அந்த எட்டில் ஒன்று. அழவைத்தால் கலை, சிரிக்கவைத்தால் குப்பை என்ற கணக்கு நம் இலக்கணத்தில் இல்லவே இல்லை.

பெண்களைக் கேலி செய்தே சிரிப்புத் தேடும் படங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வேறு வழக்கு.

என் பெரியம்மா கணக்கு டீச்சர். வீட்டில் இந்த மாதிரிப் படம் ஓடும்போது யாராவது வந்தால் சட்டென்று செய்திச் சேனலுக்கு மாற்றிவிடுவார். கடைசிக் காலத்தில் அவருக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒருநாள் அவரே என் ஃபோனில் இந்தப் படத்தைப் போடச் சொன்னார். இயர்போனில் ஒன்று அவர் காதில், ஒன்று என் காதில். ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது. பேய்க்கதை வந்ததும் அந்தக் கையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சத்தம் கேட்டு சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

பெரியம்மா படத்தை நிறுத்தவில்லை. சிஸ்டருக்கும் தெரிகிற மாதிரி ஃபோனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தார்.

நன்றி, வணக்கம்.