மோப்பமும் மனச்சிதைவும்

நேயர்களுக்கு வணக்கம். மனச்சிதைவு நோய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, யாரும் பேசாதபோதே காதில் ஒலிக்கும் குரல்களும், தன்னை எவரோ பின்தொடர்கிறார் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையும்தான். அவற்றை அடக்க மருந்துகள் உள்ளன. பலருக்கு அவை நன்கு பலன் தருகின்றன. ஆனால் குரல்கள் ஓய்ந்த பிறகும் நோயின் வேறொரு பகுதி எஞ்சி நிற்கலாம். நண்பர்களோடு சுற்றித் திரிந்த பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் முகத்தில் மகிழ்ச்சியோ வருத்தமோ தெரிவதில்லை. உறவினர்கள் இதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் சொல்லக் கேட்டு மனம் நொந்த பெற்றோர் பலர். இந்த நிலையை மோப்ப உணர்வின் வழியாகப் புரிந்துகொள்ள முயன்ற ஆய்வைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் டொலொரெஸ் மலாஸ்பினா, நியூயார்க்கில் நெடுங்காலம் இந்நோயை ஆராய்ந்தவர். உடன்பிறந்த தங்கையே இந்நோய்க்கு ஆளானதுதான் அவரை இத்துறைக்குக் கொண்டுவந்தது. அவர் பயன்படுத்திய சோதனை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டி 1980களில் உருவாக்கியது: தாளில் பூசப்பட்ட 40 மணங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி முகர்ந்து, கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் சரியானதைச் சொல்ல வேண்டும். மணங்களை இனங்காண்பதில் தடுமாறிய நோயாளிகளிடம், பிறரோடு பழகும் நாட்டமும் குறைந்திருந்ததை மலாஸ்பினா 2003இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது.

மூக்குக்கும் பழகும் நாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பார்வை, செவி, தொடுகை ஆகியவற்றின் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகவே பெருமூளையின் மேற்பரப்பை அடைகின்றன. மோப்பமோ அந்த இடைநிலையத்துக்குக் காத்திராமல் மூக்கின் நரம்பணுக்களிலிருந்து, மூளையில் மணச் செய்திகளை முதலில் பெறும் பகுதியான நுகர்குமிழுக்கும், அங்கிருந்து நேராக உணர்ச்சிகளோடு நெருங்கிய உறவுள்ள அமிக்டலா போன்ற பகுதிகளுக்கும் செல்கிறது. ஒரு மணத்தை அறிவதற்கும், எதிரிலிருப்பவரின் மனநிலையை உணர்ந்து அவரை நாடுவதற்கும் மூளையின் ஒரே நரம்புச் சுற்றைச் சேர்ந்த பகுதிகள் பயன்படுவதால், அங்கே ஏற்படும் பழுது இரண்டையும் ஒருசேரப் பாதிக்கக்கூடும் என்பதே இந்த ஆய்வின் அடிப்படைக் கருத்து. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் விலகியிருக்கும் அந்தப் பிள்ளை அவ்வாறு இருக்கத் தீர்மானித்துக்கொண்டவன் அல்லன் என்பதை இது அளந்து காட்ட முற்படுகிறது.

இந்நோயாளிகளில் பலர் அதிகமாகப் புகைபிடிப்பவர்கள். வலிமையான மருந்து உட்கொள்பவர்கள். அவையே மோப்பத்தைக் கெடுத்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. கனடாவில் லிலி கோபாலா குழுவினர் ஒருமுறைகூட மருந்து எடுத்திராத புதிய நோயாளிகளைச் சோதித்தபோதும் அதே குறையைக் கண்டனர். 2000இல் புரூஸ் டுரெட்ஸ்கி குழுவினர், நோயாளிகளின் நுகர்குமிழ் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 23 விழுக்காடு சிறிதாக இருப்பதை எம்.ஆர்.ஐ. படங்களில் அளந்தார்கள். மெல்போர்னில் வாரிக் புரூவர் குழுவினர், நோய் வரும் அபாயத்தில் இருந்த 81 பேரை முன்கூட்டியே சோதித்து, பின்னாளில் மனச்சிதைவுக்கு ஆளானவர்களிடம் மோப்பக் குறை அப்போதே இருந்ததை 2003இல் வெளியிட்டனர். பிற்கால ஆய்வுகளில் சில இதை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனவே மூக்கைச் சோதித்து நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். சளி, முதுமை, பார்க்கின்சன் நோய் என மோப்பம் குறையக் காரணங்கள் பல. மேலும் டோட்டியின் சோதனையில் கிராம்பும் தேங்காயும் இருந்தாலும், ரூட் பீர், விண்டர்கிரீன் போன்ற மணங்களும் உள்ளன. அவற்றை அறிந்திராத நம்மூர்க்காரர் தவறாகச் சொன்னால் அது மூளையின் குறை ஆகாது.

வீட்டில் இந்நோய் உள்ளவர்களைப் பராமரிப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்தவே ஒரு நெடி கலக்கப்படுகிறது. அந்த நெடியும், ஊசிப்போன குழம்பின் வாடையும் அவருக்கு எட்டாமல் போகலாம். அவர் தனியே சமைப்பவரானால் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். மோப்பம் குறைந்திருக்கிறதா என்று அவருடைய மருத்துவரிடமும் கேளுங்கள்.

வணக்கம்.