மஸ்டாங்கில் மூன்றாவது பெடல்

நேயர்களுக்கு வணக்கம். 1965ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை ஆட்டோமேட்டிக்கிலிருந்து கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டியாக நானும் நண்பர் ஒருவரும் மாற்றியமைத்தோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கனமான கியர்பெட்டியை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதுதான் பெரும்பாடு என்று நினைத்திருந்தேன். அதைச் சுற்றியுள்ள சில்லறை வேலைகளே வண்டியின் சுகத்தைத் தீர்மானிக்கின்றன என்பது ஒரு தவறு செய்து, முழு வேலையையும் இரண்டாம் முறை செய்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மஸ்டாங் 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான கார். நண்பருடைய வண்டியில் 289 கன அங்குல, அதாவது ஏறக்குறைய 4.7 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சினும், சி4 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் இருந்தன. சி4 மோசமான பெட்டி அன்று; நகரத்துச் சாலைகளில் அது இன்றும் சமர்த்தாக ஓடும். ஆனால் அதன் கடைசி கியரில் எஞ்சினும், சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பின்தண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், நெடுஞ்சாலையில் எஞ்சின் மூச்சிரைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து நான்கு கியர் மேனுவல் பெட்டியைப் போட்டாலும் இந்தக் குறை தீராது. அதனால் 1980களின் மஸ்டாங்குகளில் வந்த டி5 என்ற ஐந்து கியர் பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். மூலத்துக்கு மாறானது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஓட்டுவதற்காக வைத்திருக்கும் வண்டிக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே இருக்கும் டார்க் கன்வர்ட்டர், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளில் முறுக்கு விசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் பின் ஆக்சிலில் 2.80 போன்ற நீண்ட விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுழலப் பின்தண்டு 2.80 முறை சுழலும் விகிதம், வைத்திருந்தார்கள். கன்வர்ட்டரை எடுத்துவிட்டு, முதல் கியர் 2.78 உள்ள பழைய நான்கு கியர் பெட்டியை அதே ஆக்சிலுடன் இணைத்தால், ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சைத் தேய்த்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். டி5இன் முதல் கியர் 3.35 என்பதால் அந்தத் தொல்லை குறைகிறது. ஆனால் அதன் ஐந்தாம் கியர் 0.68; 2.80 ஆக்சிலுடன் பெருக்கினால் 1.90தான் வரும். சிறிய மேட்டில்கூட எஞ்சின் திணறும். எனவே ஆக்சில் விகிதத்தை 3.25ஆக மாற்றினோம். கியர்பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தோடு ஆக்சிலுக்கும் சேர்த்து ஒதுக்காதவர்கள் பாதி வழியில் நிற்பார்கள்.

இனி என் தவறு. பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் கியர்பெட்டியோடு ஃப்ளைவீலையும், அதாவது எஞ்சினின் பின்முனையில் சுழலும், ஓரத்தில் பற்கள் கொண்ட கனமான சக்கரத்தையும் சேர்த்தே வாங்கினேன். போல்ட்டுகள் பொருந்தின, பற்களின் எண்ணிக்கையும் 157 என்று சரியாக இருந்தது. ஆனால் எஞ்சினை முடுக்கியபோது பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்த மரம் இரண்டாகத் தெரிந்தது. இந்த வகை எஞ்சினின் எடைச் சமநிலையில் ஒரு பகுதி ஃப்ளைவீலின் ஓரத்தில் உள்ள கனத்தைப் பொறுத்தது. 289க்கு அது 28 அவுன்ஸ் கணக்கு. 1980களின் எஞ்சினுக்கு 50 அவுன்ஸ் கணக்கு. இரண்டு ஃப்ளைவீல்களும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டி, கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் மறுபடியும் கீழே இறங்கின.

மற்றவற்றுள் முதுகை முறித்தது பெடல் வேலை. ஆட்டோமேட்டிக் வண்டியின் அகன்ற பிரேக் பெடலைக் கழற்றி, குறுகிய பெடலையும் அதனுடன் ஒரே அச்சில் தொங்கும் கிளட்ச் பெடலையும் மாட்ட வேண்டும். இருக்கையைக் கழற்றிவிட்டு, தலை பெடல்களுக்கு அடியிலும் கால்கள் பின்சீட்டிலுமாக மல்லாந்து கிடந்து, கண்ணில் துரு உதிர உதிர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைச் செய்தேன்.

கண்ணில் படாமல் தப்பிவிடும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். சி4 பெட்டிக்கு எஞ்சினிலிருந்து ஒரு வெற்றிடக் குழாய் போகிறது. பெட்டியைக் கழற்றியபின் அதன் வாயை அடைக்காவிட்டால் அதன் வழியே காற்று புகுந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் ஐடில் நிலையில் எஞ்சின் தடுமாறும். பழி கார்புரேட்டர் மேல் விழும். ரேடியேட்டருக்குப் போன எண்ணெய்க் குழாய்களின் துளைகளையும் அடைக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது ஸ்டார்ட்டர் இணைப்பு. ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் உண்டு. பலர் அதன் இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பிறகு ஒருநாள் வண்டி கியரில் இருப்பதை மறந்து யாராவது சாவியைத் திருப்பினால், வண்டி எதிரே இருப்பதன் மேல் பாய்ந்துவிடும். நாங்கள் அந்தக் கம்பிகளைக் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அதனோடு இணைத்தோம்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் வாங்கிய டி5 மேனுவல் பெட்டியாக இருந்தும் அதற்குள் ஊற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் கியருக்கான அதே சிவப்பு எண்ணெய்தான். சி4 வேலைக்காக வாங்கிப் பாதி மீந்திருந்த டப்பா செலவானது.

இந்த மாடலில் ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு சிறிய தகடு இருக்கும். ஆலையிலிருந்து வெளிவந்தபோது என்ன கியர் பொருத்தப்பட்டது என்பதற்கான எண் அதில் அச்சாகியிருக்கும். நான்கு கியர் மேனுவலுக்கு 5, சி4க்கு 6. நண்பருடைய தகட்டில் 6 என்று இருக்கிறது. அதை நாங்கள் மாற்றவில்லை. சி4 பெட்டி, கன்வர்ட்டர், அகன்ற பிரேக் பெடல் ஆகியவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி, பெயரெழுதிய மரப்பெட்டியில் அவருடைய கொட்டகையின் பின்சுவரை ஒட்டி வைத்திருக்கிறோம். வண்டி என்றாவது கைமாறினால் அந்தப் பெட்டியும் கூடவே போக வேண்டும் என்று அவர் காகிதத்தில் எழுதி, வண்டியின் கையேட்டுக்குள் செருகி வைத்திருக்கிறார்.