தேய்ந்த முகம்

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான மரப்பாவை. கொண்டையின் வரிகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. முகம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, மூக்கு எது, வாய் எது என்றே தெரியவில்லை. பூச்சி அரித்ததோ, பத்திரமாக வைக்காமல் விட்டார்களோ என்று தோன்றும். இரண்டும் இல்லை. கழுவிக் கழுவித் தேய்ந்த முகம் அது.

தென்மேற்கு நைஜீரியாவின் யொருபா மக்கள் இதை ‘எரே இபெஜி’ என்பார்கள். இபெஜி என்றால் இரட்டையர். இரட்டைப் பிள்ளைகள் உலகிலேயே அதிகம் பிறக்கும் பகுதிகளில் அவர்களுடையதும் ஒன்று. இக்போ-ஓரா என்ற ஊர் இதற்கே பேர்போனது. முதலில் வருகிற பிள்ளை தைவோ, அடுத்தது கெஹிந்தே. பெயர் தேடும் வேலையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், பின்னால் பிறந்த கெஹிந்தேதான் மூத்தவர்! ‘உலகம் எப்படி இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்’ என்று தைவோவை முன்னால் அனுப்பினவர் அவராம்.

சரி, பாவைக்கு வருவோம். இரட்டையருக்கு உயிர் ஒன்றுதான் என்பது நம்பிக்கை. ஒன்று இறந்தால் இன்னொன்றையும் கூப்பிட்டுக்கொள்ளுமே என்ற பயம். இஃபா என்ற முறையில் குறி பார்க்கும் பூசாரிக்குப் ‘பாபலாவோ’ என்று பெயர். அவர் சொன்னால், இறந்த பிள்ளைக்கு ஒரு பாவை செய்யச் சிற்பியிடம் போவார்கள். இறந்தது கைக்குழந்தை, சிற்பி செதுக்குவதோ வளர்ந்த ஆளை. தலை மட்டும் உடம்புக்கு மிகப் பெரிது. மனிதனின் விதி தலையில் குடியிருக்கிறது என்பார்கள்.

அப்புறம் அம்மாவின் வேலை. பாவையைக் குளிப்பாட்டி, செம்மரத் தூளை எண்ணெயில் குழைத்துப் பூசுவார். இரட்டையருக்குப் பிடித்த காராமணியை வாயில் ஒற்றி எடுப்பார். கூந்தலுக்கு அவுரி நீலம். பிற்காலத்தில் துணி வெளுக்கிற சலவை நீலமே போதுமென்று ஆயிற்று. உயிரோடிருக்கும் பிள்ளைக்கு நடப்பதெல்லாம் இதற்கும் நடக்கும். இடுக்குகளில் படிந்த சிவப்பையும் நீலத்தையும் இன்றைக்கும் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் இதைச் சிற்பியின் வேலை என்று மட்டும் வைக்கிறார்கள். பாதி வேலை அந்த அம்மாவுடையது என்பேன்.

இருபதாம் நூற்றாண்டில் மரம் மெல்ல விலகியது. சிலர் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மையை வைத்தார்கள். இன்னும் சிலர் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனார்கள். இறந்த பிள்ளைக்குப் படம் இல்லையே, என்ன செய்வது? இருக்கிற பிள்ளையையே இரண்டு முறை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அச்சிட்டார்கள். இறந்தது தம்பியென்றால், அக்காவுக்குப் பையன் உடுப்பு மாட்டி இரண்டாவது படம்.