நெட் வரவில்லை என்றால் எங்கே தேடுவது? நெட்வொர்க் சொற்கள், பழுது பார்க்கும் வரிசையில்

[திரையில்: உலாவி. "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்ற செய்தி.]

"நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. கேபிள் கழன்றிருக்கலாம். கணினிக்கு முகவரியே கிடைக்காமல் போயிருக்கலாம். பெயரைத் தேடித்தரும் சர்வர் படுத்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, எதிர்ப்பக்கத்து சர்வரில் டிஸ்க் நிரம்பியிருக்கலாம். ஐபி, டிஹெச்சிபி, டிஎன்எஸ், போர்ட் என்ற பெயர்களை அகராதி போல மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. பழுது தேடுகிற வரிசையில் படித்தால் மனதில் நிற்கும். அதனால் நம் கணினியில் தொடங்கி வெளியே போவோம்.

[திரையில்: கட்டளைச் சாளரம். ஐபி முகவரி இருக்கும் வரி ஒளிர்கிறது.]

விண்டோஸில் "ஐபிகான்ஃபிக்" என்று தட்டினால் 192.168.1.10 போல ஒரு முகவரி தெரியும். அதுதான் ஐபி முகவரி: நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, மொத்தம் 32 பிட். கணக்குப் போட்டால் சுமார் 430 கோடி முகவரிகள். உலகத்துக்கு அது போதாமல்தான் 128 பிட் கொண்ட ஐபிவி6 வந்தது. 192.168 என்று தொடங்குபவை உள் நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதனால் ஒரே முகவரி எத்தனையோ இடங்களில் இருக்கலாம், மோதாது. வெளியே போகும்போது ரவுட்டர் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்பும். அந்த வேலைக்கு நாட் என்று பெயர்.

சரி, இந்த முகவரியை யார் கொடுத்தது? டிஹெச்சிபி. சிறிய நெட்வொர்க்குகளில் பெரும்பாலும் ரவுட்டரே இதைச் செய்கிறது. முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே (வெளியே போகும் வாசல், பெரும்பாலும் ரவுட்டர்), டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி தேடித்தருவது) என எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கிறது.

[திரையில்: 169.254 என்று தொடங்கும் முகவரி, சிவப்பு வட்டத்துக்குள்.]

169.254 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால் உலாவியை மூடிவிடலாம். கணினி முகவரி கேட்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளையும் வைஃபையையும் ரவுட்டரையும் பாருங்கள்.

சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால், முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகிறவை எல்லாம் ஒரே நெட்வொர்க். அவற்றுக்கு இடையே பாக்கெட்டை, அதாவது தரவின் சிறு துண்டை, ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டி கொண்டுபோய்ச் சேர்க்கும். மற்ற எதற்கும் கேட்வே வழியாகத்தான் போக வேண்டும்.

[திரையில்: பிங் 192.168.1.1. பதில் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

அடுத்து பிங்: ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல், இன்றும் முதலில் கை போவது இதற்குத்தான். முதலில் கேட்வேயை பிங் செய்யுங்கள். பதில் வந்தால் உள்ளே எல்லாம் நலம். அப்புறம் 8.8.8.8, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். கேட்வே பதில் சொல்லி இது சொல்லாவிட்டால், சிக்கல் பெரும்பாலும் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. ஆனால் பிங்குக்குப் பதில் சொல்லக் கூடாது என்று அமைத்து வைத்த சர்வர்களும் உண்டு. பதில் இல்லை என்பதாலேயே சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் வரவில்லை. அப்படியென்றால் டிஎன்எஸ் பக்கம் திரும்புங்கள். ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதைத்தான் நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பெயருக்கான பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பதை டிடிஎல் சொல்லும். 86400 என்றால் ஒரு முழு நாள். சர்வரை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறீர்களா? முந்தைய நாளே டிடிஎல்லை 300 போலக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் பழைய சர்வரின் கதவையே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

[திரையில்: ஒரே சர்வர், 22, 53, 443 என்று எண்ணிட்ட போர்ட்டுகள்.]

இனி போர்ட். ஒரே முகவரியில் பல சேவைகள் இயங்கும். யாருக்கு வந்த பாக்கெட் என்பதைப் போர்ட் எண் சொல்லும். பாதுகாப்பான வலைத்தளத்துக்கு 443, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கு 22, டிஎன்எஸ்ஸுக்கு 53. இங்கே வரும் இரண்டு பிழைச் செய்திகளைப் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் இந்த வீடியோவிலேயே முக்கியமான இடம்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று உடனே வந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. பாக்கெட் போய்ச் சேர்ந்தது, சர்வர் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. சேவை நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "டைம்டு அவுட்" வேறு கதை. அனுப்பினோம், காத்திருந்தோம், சத்தமே இல்லை. நடுவில் ஒரு ஃபயர்வால் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று வடிகட்டும் காவல்) பாக்கெட்டை விழுங்கியிருக்கலாம், வழியே அறுந்திருக்கலாம், சர்வரே அணைந்திருக்கலாம். முதலாவதற்குச் சர்வருக்குள் போங்கள். இரண்டாவதற்கு முதலில் ஃபயர்வால் விதிகளைப் பாருங்கள்.

சர்வருக்குள் போக எஸ்எஸ்ஹெச். 1995இல் ஃபின்லாந்தின் தாட்டு இலோனென் எழுதியது. அதற்கு முன் இதே வேலைக்கு இருந்த டெல்நெட்டில் கடவுச்சொல் அப்படியே திறந்தபடி பயணித்தது, வழியில் யாரும் படிக்கலாம். உள்ளே போனதும் ரூட் என்ற பயனருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. அதனால் அன்றாட வேலைக்குச் சாதாரணப் பயனராக நுழைந்து, தேவைப்படும்போது மட்டும், ரூட் அதிகாரத்தோடு ஒரு கட்டளையை இயக்கும் சூடோ போடுங்கள்.

[திரையில்: டிஎஃப் கட்டளை. ஒரு வரியில் 100%.]

சேவை நின்றதும் ரீஸ்டார்ட் செய்யத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் லாக் கோப்பின், அதாவது சேவை தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் கோப்பின், கடைசி வரிகளைப் படியுங்கள், காரணம் அங்கேதான் எழுதியிருக்கும். "டிஸ்கில் இடமில்லை" என்று இருந்தால், குற்றவாளி பல நேரம் அந்த லாகேதான், வளர்ந்து வளர்ந்து டிஸ்கை நிரப்பியிருக்கும். அதை அழித்த பிறகும், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100% என்றே காட்டினால் குழம்ப வேண்டாம். லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும், இடம் திரும்பாது. அந்த நிரல் கோப்பை மூடியதும்தான் இடம் கிடைக்கும். இப்போது ரீஸ்டார்ட் செய்யுங்கள்.