கணக்கில் ஏறாத வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். ஒரு வங்கி எப்படி நடக்கிறது என்று கேட்டால் டெபாசிட், கடன், வராக்கடன், லாபம் என்று எண்களாகத்தான் பதில் வரும். அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதைக் கிளைக்குள் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மாலை என் கேஷ் டேலி ஆகவில்லை. இரண்டு முறை எண்ணியும் பணம் குறைந்தது. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கவுண்ட்டர் அக்கா அன்றைய வேலையை முடித்துப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "நீ சீட்டை ஒவ்வொண்ணாப் படி தம்பி, நான் பார்க்கிறேன்" என்றார். பணம் கொடுத்ததற்கான பட்டுவாடா சீட்டு ஒன்று வரவுக் கட்டுக்குள் கிடந்தது; கணக்கு இடித்தது அதனால்தான். மேலாளரும் அதுவரை கிளம்பவில்லை.

அக்கா செய்த உதவி எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வேலையைத்தான் 1983-இல் ஸ்மித், ஆர்கன், நியர் என்ற ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கேட்காமலே செய்கிற உதவி, யாரும் பார்க்காதபோதும் காட்டுகிற ஒழுங்கு, இவை இரண்டும்தான் அவர்கள் எடுத்துக்கொண்டவை. அவர்கள் ஆராய்ந்ததும் வங்கி ஊழியர்களைத்தான்: இரண்டு வங்கிகள், 422 பேர். வேலையில் மனநிறைவு உள்ளவர்கள் சக ஊழியர்களுக்குக் கூடுதலாகக் கைகொடுத்தார்கள். மேலதிகாரியின் ஆதரவுக்கும் இதில் பங்கு இருந்தது.

அதற்கு முன்பே, 1980-இல், பெஞ்சமின் ஷ்னைடரும் அவருடைய குழுவினரும் வங்கிக் கிளைகளில் ஓர் ஆய்வு செய்திருந்தார்கள். தங்கள் கிளையில் சேவைக்கு மதிப்பு இருக்கிறது என்று ஊழியர்கள் சொன்ன இடங்களில், சேவை நன்றாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்களும் சொன்னார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. உள்ளே புழுங்கிக்கொண்டிருப்பவர் வெளியே சிரிக்க எவ்வளவு முயன்றாலும் வரிசையில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது மறுபக்கம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஊழியர்களுக்கு விற்பனை டார்கெட் மேல் டார்கெட். அதை எட்ட, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-இல் விஷயம் வெடித்தது. 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். 2020-இல் மேலும் 300 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய அடி 2018-இல் விழுந்தது. மொத்தச் சொத்து இதற்கு மேல் வளரக் கூடாது என்று மத்திய வங்கி கட்டுப்பாடு விதித்தது. அது நீங்க 2025 ஆகிவிட்டது.

அத்தனை ஊழியர்களும் பிறவியிலேயே பொய்யர்கள் என்று நான் நம்பமாட்டேன். வங்கியின் இயக்குநர் குழு வெளியிட்ட அறிக்கையே விற்பனை நெருக்கடியைத்தான் காரணம் காட்டியது. தினமும் காலையில் "நேற்று எத்தனை கணக்கு?" என்று மட்டும் கேட்கிற இடத்தில், பையை இறக்கி வைக்க யாருக்கு மனம் வரும்?

எங்கள் மேலாளர் காலையில் வந்ததும் முதலில் கேட்டது வேறு. "நேத்து கடைசியா யார் கிளம்பினது? ஏன் நேரமாச்சு?" அவருக்குக் கீழே நான் வேலை பார்த்த காலம் முழுவதும், கேஷ் டேலி ஆகாமல் எங்கள் கிளையில் ஒருவரும் தனியாக உட்கார்ந்திருந்ததில்லை.

வணக்கம்.