கடைத்தேங்காயும் ஜாஸ் ஒலிநாடாவும்

(இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் டாக்டர் அவர்களே, ஒலிபெருக்கி கட்டிய தம்பிகளே, பின்னால் நின்றுகொண்டு கேட்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வராது. இந்த ஊரில் ஜாஸ் என்ற அமெரிக்க இசையின் பெயரைக் கேட்டாலே ஹோட்டல் இசை என்று நினைத்த காலத்தில், தன் வீட்டு முன்னறையை எங்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். இசைத்தட்டு கேட்டு வந்தவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. நூலகர் அம்மா இசைத்தட்டுகளுக்குத் தனி அலமாரி வேண்டும் என்று எழுதி எழுதி வாங்கியவர். டாக்டர் அவர்கள் இசைத்தட்டை ஓட்டும் நம் டர்ன்டேபிளுக்கு ஊசி வாங்கித் தந்தவர், அது சின்னக் காரியமில்லை, ஊசி விலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். இவர்களுக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிகள் வெளியிடாத ஜாஸ் நேரடிப் பதிவுகள், பூட்லெக் என்று சொல்கிறோமே, அவற்றைப் பற்றி நான்கு விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அவை எப்படி வந்தன, சட்டம் என்ன சொல்கிறது, சேகரிப்பவர்களின் சொந்தக் கட்டுப்பாடுகள் என்ன, ஒலியைச் சுத்தம் செய்வது எப்படி. இதற்கெல்லாம் முன்னால் ஒரு பழமொழி. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது. என் வீட்டில் இந்தப் பழமொழியைச் சொல்லாத நாளில்லை, நேரடிப் பதிவு விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான பேச்சு எனக்குத் தெரியவில்லை. தேங்காய் யாருடையது என்று கேட்காமல் உடைப்பவர்கள் இந்த உலகில் ஏராளம்.

முதலில் இவை ஏன் முக்கியம் என்று புரிய வேண்டும். ஜாஸில் ஒரே பாட்டை இரண்டு இரவு ஒரே மாதிரி வாசிப்பதில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். மேடையில் பத்து நிமிடம் விரிந்த கற்பனையைத் தட்டுக்காக நறுக்கித்தான் தந்தார்கள். போதாக்குறைக்கு 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூட வேலையை நிறுத்தியது, பெரிய கம்பெனிகளோடு சமரசம் ஆக 1944 நவம்பர் வரை ஆனது. பீபாப் என்ற புதுப் பாணி உருவான காலமே அதுதான். ஜெர்ரி நியூமன் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் 1941இல் தட்டு வெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த மின்டன்ஸ் என்ற இசை விடுதிக்குப் போகாமல் இருந்திருந்தால், கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் கடிகாரம் பார்க்காமல் வாசித்தது எப்படி இருந்தது என்று நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. அடுத்த ஆண்டே, 25 வயதில், அவர் போய்விட்டார்.

இதில் ஒரு சம்பவத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மொத்த வாதமும் அதற்குள் இருக்கிறது. 1940ஆம் ஆண்டு. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்று இரண்டு இளைஞர்கள், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாக்காரர்கள், ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் மேல் பைத்தியமானவர்கள். நவம்பர் 7ஆம் தேதி வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரத்தில் கிரிஸ்டல் பால்ரூம் என்ற நடனக் கூடத்தில் எலிங்டன் குழு வாசிக்கப் போகிறது என்று தெரிகிறது. கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள், ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கு வாசிக்கும் இசை. இந்த இருவரும் என்ன செய்தார்கள்? சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனார்களா? இல்லை. முதலில் எலிங்டனின் ஏஜென்சிக்கு எழுதி அனுமதி கேட்டார்கள். அப்புறம் கூடத்துக்குப் போய் எலிங்டனையும் கேட்டார்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மைக்கை வைத்தார்கள்.

அந்தக் காலத்து நேரடிப் பதிவு என்றால் என்ன வேலை என்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலிநாடா கிடையாது. அரக்கு பூசிய பதினாறு அங்குலத் தட்டு சுழல, வெட்டும் ஊசி இறங்கி அதில் பள்ளம் போட்டுக்கொண்டே போகும். பூச்சிலிருந்து மெல்லிய கறுப்பு இழை சுருள் சுருளாக எழும். அதைத் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஊசியில் சிக்கினால் தட்டு பாழ். ஒரு பக்கம் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நேரே முன்னால் எலிங்டன் வாசித்துக்கொண்டிருக்கிறார், இவர்களோ தட்டை மாற்ற வேண்டும், அதற்குள் குழு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! ஜானி ஹாட்ஜஸ், ஹாரி கார்னி, டென்னர் சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர், ஐவி ஆண்டர்சன் பாடுகிறார். டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ் அப்போதுதான் குழுவை விட்டுப் போயிருந்தார், அவர் இடத்துக்கு வந்த ரே நான்ஸ் புத்தம் புதிய ஆள். பெரிய தந்தி வாத்தியமான பாஸை வாசித்தவர் ஜிம்மி பிளான்டன். பாஸ் என்ற வாத்தியத்தையே தனி ஆவர்த்தனத்துக்குக் கொண்டுவந்த பையன் அவன். 1942இல் காசநோயில் இறந்தபோது வயது 23. குழுவோடு அவன் இருந்ததே இரண்டு வருடம்தான். அந்த விரல்கள் ஒரு சாதாரண வியாழக்கிழமை இரவில், யாரும் சரித்திரம் என்று நினைக்காத ஒரு நடன இரவில், எப்படி ஓடின என்று இன்றைக்கு நாம் கேட்க முடிகிறதென்றால் அது இந்த இரண்டு பேர் போட்ட புண்ணியம்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். தட்டுகளை விற்கவில்லை. ஜாக் டவர்ஸ் வாக்கைக் காப்பாற்றினார். வருடங்கள் ஓடின, எப்படியோ பிரதிகள் கைமாறிக் கைமாறி திருட்டுத் தட்டுகளாகவும் வந்துவிட்டன, யாரோ பணம் பார்த்தார்கள். கடைத்தேங்காய், வழிப்பிள்ளையார்! முறைப்படி அனுமதியோடு வெளியானது 1978இல்தான், எலிங்டன் காலமாகி நான்கு வருடம் கழித்து. 1980இல் அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. முப்பத்தெட்டு வருடம் காத்திருந்தார்கள். டவர்ஸ் பிற்காலத்தில் பழைய ஜாஸ் பதிவுகளைத் தூசு தட்டிச் சீராக்கும் கலையில் பெரிய ஆளாக மதிக்கப்பட்டார். ஆக, அனுமதி கேட்டு, காசு பார்க்காமல், பத்திரமாக வைத்திருந்து, உரியவர்கள் வழியாக உலகத்துக்குக் கொடுக்க முடியும். நடந்திருக்கிறது.

சட்டம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒலிப்பதிவுக்கு மத்தியச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1972 பிப்ரவரி 15இல். அதற்கு முந்தையவை மாநிலச் சட்டங்களின் கையில் குழம்பிக் கிடந்தன. 2018 சட்டம் அதை ஒழுங்கு செய்தது, 1972க்கு முன் பதிவாகி வெளிவராமல் கிடந்தவற்றுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு. மேடையில் வாசிப்பதைக் கலைஞரின் சம்மதமில்லாமல் பதிவு செய்வதையும் விற்பதையும் தடுக்கும் விதி 1994இல் வந்தது, அதற்குக் காலவரம்பே போடவில்லை. ஐரோப்பாவில் 50 வருடம் என்று இருந்ததை 2011இல் 70 ஆக்கினார்கள், அந்தப் பழைய 50 வருடக் கணக்கை வைத்துக்கொண்டு எத்தனையோ கம்பெனிகள் ஜாஸ் பதிவுகளை அள்ளி விட்டன. நம் நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு கலைஞருக்கு உரிமை தருகிறது. சொந்தமாகக் கேட்பதற்குப் பதிவு செய்வதையும், உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கான பதிவையும் 39ஆம் பிரிவு விட்டுவைக்கிறது. போனைத் தூக்கிப் பிடிக்கிற தம்பிகள் அதைப் படித்துவிடுங்கள். பாதுகாப்புக் காலம் முடியாத பதிவை அனுமதியில்லாமல் விற்பதற்குச் சட்டத்தில் ஆதரவு கிடையாது என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

சட்டத்தைவிட எனக்கு சூ மிங்கஸ் கதை பிடிக்கும். பாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் மனைவி. கணவர் 1979இல் இறந்த பிறகு, ஊர் ஊராக மிங்கஸின் திருட்டுத் தட்டுகள் கடைகளில் கிடப்பதைப் பார்த்தார். என்ன செய்தார் தெரியுமா? கடைக்குள் போய் அந்தத் தட்டுகளை அள்ளிக்கொண்டு, பணம் கொடுக்காமல் நடந்து வெளியே வந்துவிடுவார். என் கணவர் வாசித்தது, எனக்கு ஒரு பைசா வரவில்லை, தைரியமிருந்தால் போலீஸைக் கூப்பிடு என்கிற நிலை. அதோடு விடவில்லை. தானே இசைத்தட்டு வெளியிடும் லேபிள் ஒன்றைத் தொடங்கி அதற்குப் பழிவாங்கல் என்று பொருள்படும் பெயரே வைத்து, சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபி சேர்ந்து வாசித்த 1964 பாரிஸ் கச்சேரிகளை 1996இல் வெளியிட்டார். அந்த அம்மாவின் துணிச்சலுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தேங்காய்க்கடைக்காரி கடையை விட்டு இறங்கி வந்து கேட்டாள், அவ்வளவுதான்.

இப்போது சேகரிப்பவர்களின் கட்டுப்பாடுகள். கேசட் காலத்தில், பிரதி வேண்டும் என்றால் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் மட்டும் அனுப்ப வேண்டும், அதற்கு மேல் ஒரு காசு கேட்டால் அந்த ஆளோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்க மாட்டார்கள். அந்த நெறி இன்றும் செல்லும். கம்பெனி முறையாக வெளியிட்ட எதையும் கைமாற்றக் கூடாது, வெளியிடாமல் இருந்தது நாளை வெளிவந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வேண்டாம் என்று கலைஞர் சொன்னால் வேண்டாம்தான், அதில் வாதத்துக்கு இடமில்லை. எம்.பி.3 ஆக்கி அனுப்பாதீர்கள், ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்பாகவே அனுப்புங்கள். சுருக்கி அனுப்பியதை இன்னொருவர் மறுபடி சுருக்கினால் டிரம்ஸின் சிம்பல் ஒலி தகர டப்பா தட்டுவது போல ஆகிவிடும். கூடவே ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, யார் யார் வாசித்தார்கள், எந்தக் கருவி, மைக் எங்கே இருந்தது, இது எத்தனையாவது பிரதி. குறிப்பில்லாத நாடா அநாதை. என்னிடம் வந்த கேசட்டுகளில் முதுகில் பென்சிலால் தேதி மட்டும் எழுதி, பேர் அழிந்துபோனவை இருக்கின்றன. திறந்து பார்த்தால் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு பசை காய்ந்து கழன்று கிடக்கிறது, ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பொடி. வாசிப்பவர் யார் என்று சொல்ல ஆளில்லை.

இங்கேதான் நான் வெகுகாலமாகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன், நூலகர் அம்மா தயவுசெய்து கவனிக்க வேண்டும். விற்பவர் மேல் எனக்குள்ள கோபம் பூட்டி வைப்பவர் மேலும் உண்டு. சியாட்டிலில் 1965 அக்டோபரில் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் தன் பெரிய படைப்பான ‘எ லவ் சுப்ரீம்’ முழுவதையும் வாசித்ததை ஜோ பிரேசில் என்ற சாக்ஸபோன் கலைஞர் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் 2008இல் இறந்தார், உலகம் அதைக் கேட்டது 2021இல். 56 வருடம்! பார்க்காமல் விட்டிருந்தால் நாடா வீணாகியிருக்கும். நூலகத்தின் கதையைப் பாருங்கள். 1957 நவம்பரில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், கோல்ட்ரேன் இருவரும் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிவு செய்தது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் லாரி அப்பெல்பாம் நாடாக்களைப் புரட்டும்போது அது கிடைத்தது, அதே ஆண்டு வெளிவந்தது. 1961இல் வில்லேஜ் கேட் விடுதியில் கோல்ட்ரேனும் டால்ஃபியும் வாசித்ததை ரிச் ஆல்டர்சன் என்ற பொறியாளர் பதிவு செய்த நாடா நியூயார்க் பொது நூலகத்தில் கிடைத்து 2023இல் வந்தது. அலமாரியும் பட்டியலும் இருந்தால் தாமதமானாலும் ஒரு நாள் கைக்கு வரும். பரணுக்குப் பட்டியல் கிடையாது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு மதராஸ் வந்தது. டிரம்மர் ஜோ மொரெல்லோவும் நம் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். மிருதங்கமும் டிரம்ஸும்! அந்த மாதிரி ஒரு இரவை யாராவது ஸ்பூல் நாடாவில் பிடித்து, பேரன் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தால்? பழைய பொருள் என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் என் கோரிக்கை இது. நூலகத்தில் ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் ஒரு அறை வேண்டும். ஸ்பூல், கேசட், தட்டு மூன்றையும் ஓட்டும் கருவி வேண்டும். கொண்டுவருபவர்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கலைஞர் குடும்பம் இருக்கும் இடத்தைத் தேடிச் சொல்லிவிட்டு, நூலகத்துக்குள் மட்டும் கேட்க அனுமதிக்க வேண்டும். வெளியிடுவதென்றால் குடும்பத்தின் சம்மதமும் பங்கும் இல்லாமல் கூடாது. கடைத்தேங்காய் எடுக்கிறவர்கள் நாம் ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

ஒலியைச் சுத்தம் செய்வது பற்றி முழு மாலை வேண்டும், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை இன்னொரு கூட்டத்தில் பேசலாம். முதல்வர் ஐயா, உங்கள் கல்லூரியின் பழைய மொழி ஆய்வகத்தில் இரண்டு கேசட் ஓட்டிகள் பூட்டிக் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டேன், அவற்றை நூலகத்துக்குத் தர மனம் வையுங்கள். வெளியே வாசல் மேசையில் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் நாடா வைத்திருப்பவர்கள் அதில் என்ன இருக்கிறது, யார் வாசித்தது, எந்த வருடம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போங்கள், நாடாவை இன்றே கொண்டுவர வேண்டாம். நூலகத்தில் அந்த அறை கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடும் தாளும் அங்கேதான் இருக்கிறது. வணக்கம்.